இலவசமாகக் கொடுத்து இலாபம் காண்பது எப்படி? அமெரிக்கக் கொமிக்ஸ் கடைகள் கற்றுத்தரும் கணக்கு

வியாபாரத்தில் இலவசமாகக் கொடுப்பது புதிய விடயமல்ல. ஆண்டு இறுதியில் கலண்டரும் டயறியும் கொடுக்கிறோம். புதிதாகக் கடை திறந்தால் வந்தவர்களுக்குக் குளிர்பானம் கொடுக்கிறோம். பெருநாள் காலத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொள்வனவு செய்தவர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுக்கிறோம். ஆனால் இவற்றுக்கு மொத்தமாக எவ்வளவு செலவானது, அதனால் எத்தனை புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானோரிடம் பதில் இருக்காது. 'கொடுத்தோம், நாலு பேருக்குத் தெரிந்தது' என்பதோடு கணக்கு முடிந்து விடுகிறது.

இலவசமாகக் கொடுப்பதையும் ஒரு முதலீடாகக் கருதி, முன்கூட்டியே ஓடர் கொடுத்து, நாள் குறித்து, வருடா வருடம் செய்து வந்த ஒரு சிறு வியாபாரத் துறை இருக்கிறது. அதுதான் ஐக்கிய அமெரிக்காவின் கொமிக்ஸ் கடைகள். 'இலவசக் கொமிக்ஸ் நாள்' என்ற பெயரில் 2002 ஆம் ஆண்டு அவர்கள் ஆரம்பித்த இந்த ஏற்பாடு பின்னர் ஏனைய நாடுகளுக்கும் பரவியது. பிற்பட்ட வருடங்களில் 2000 இற்கும் மேற்பட்ட கடைகள் இதில் பங்குபற்றின. ஒரே நாளில் பல மில்லியன் பிரதிகள் இலவசமாகக் கைமாறின.

இந்தக் கடைகளில் பெரும்பாலானவை பெரிய கொம்பனிகள் அல்ல. ஒரு முதலாளி, ஓரிரு ஊழியர்கள், வாடகைக்கு ஒரு கட்டடம் என்று நடப்பவை. ஆகவே அவர்கள் இதை எப்படிச் செய்தார்கள், எங்கே இலாபம் கண்டார்கள், எங்கே கையைச் சுட்டுக் கொண்டார்கள் என்று பார்ப்பது எமது சிறு வர்த்தகர்களுக்கும் பயன் தரும்.

திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு

கொமிக்ஸ் என்பது சித்திரக் கதைப் புத்தகம். ஸ்பைடர் மேன், சுப்பர் மேன் போன்ற கதாபாத்திரங்கள் படமாக வருவதற்கு முன் இந்தப் புத்தகங்களில் பிறந்தவைதான். ஒரு காலத்தில் இவை அமெரிக்காவில் பத்திரிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் தொங்கின. தாயுடன் சாமான் வாங்கப் போகும் பிள்ளையின் கண்ணில் தானாகவே பட்டன. விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்து விடலாம். நட்டம் பதிப்பகத்துக்கு.

1970 களின் முற்பகுதியில் நியூயோர்க்கைச் சேர்ந்த பில் சூலிங் என்பவர் பதிப்பகங்களுடன் ஒரு புதிய ஏற்பாட்டுக்கு வந்தார். கடைக்காரருக்குக் கூடுதல் கழிவு கிடைக்கும். ஆனால் விற்காத பிரதிகளைத் திருப்ப முடியாது. இந்த முறையினால்தான் கொமிக்ஸ் மட்டும் விற்கும் தனிக் கடைகள் நாடு முழுவதும் தோன்றின.

இந்த ஏற்பாட்டில் இரண்டு சிக்கல்கள் ஒளிந்திருந்தன. முதலாவது, ஓடர் போடுவதில் தவறினால் நட்டம் முழுவதும் கடைக்காரர் தலையில் விழுந்தது. விற்காத புத்தகம் அவருடைய இராக்கையிலேயே தூசு பிடித்துக் கிடக்கும். இரண்டாவது சிக்கல் மெதுவாகத்தான் தெரிய வந்தது. சரக்கு தனிக் கடைக்குப் போய்விட்டதால், அதைத் தேடி வருபவர் மட்டுமே அதைக் கண்டார். பலசரக்குக் கடையில் தற்செயலாகப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாசகனாக மாறும் பிள்ளை இல்லாமல் போனான். பழைய வாடிக்கையாளர்கள் வயதாகிக் கொண்டே போக, புதியவர்கள் வரும் வழி அடைபட்டது.

1990 களின் முற்பகுதியில் இந்தச் சிக்கல் வெளியே தெரியவில்லை. கொமிக்ஸ் புத்தகங்கள் பிற்காலத்தில் பெரும் விலைக்குப் போகும் என்று நம்பி, வாசிக்காமலே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள் அதிகரித்திருந்தார்கள். விற்பனை உச்சத்தில் இருந்தது. ஆனால் இலட்சக் கணக்கில் அச்சிடப்பட்ட புத்தகத்துக்கு எப்படி அரிய பொருளின் விலை கிடைக்கும்? உண்மை புரிந்ததும் அவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். ஏராளமான கடைகள் மூடப்பட்டன. துறையின் மிகப் பெரிய நிறுவனமான மார்வெல், 1996 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

எஞ்சிய கடைக்காரர்களுக்கு அப்போது தேவைப்பட்டது இன்னொரு மலிவு விற்பனை அல்ல. கடையின் வாசலையே மிதிக்காதவர்களை ஒரு தடவையாவது உள்ளே வரச் செய்யும் வழிதான் தேவைப்பட்டது.

ஐஸ்கிறீம் கடையின் வரிசை

அந்த வழியைச் சொன்னவர் ஒரு கடைக்காரர். பெயர் ஜோ பீல்ட். கலிபோர்னியா மாநிலத்தின் கொன்கோர்ட் நகரில் 'பிளையிங் கலர்ஸ் கொமிக்ஸ்' என்ற கடையை 1988 முதல் நடத்தி வந்தவர். அவருடைய கடைக்கு அருகில் பாஸ்கின் ரொபின்ஸ் ஐஸ்கிறீம் கடை ஒன்று இருந்தது. அங்கு ஒரு நாள் மாலை ஐஸ்கிறீம் இலவசமாகக் கொடுத்தார்கள். கடைக்கு வெளியே நீண்ட வரிசை நின்றது.

அதைப் பார்த்த பீல்ட், நமது துறை ஏன் இதைச் செய்யக் கூடாது என்று யோசித்தார். கொமிக்ஸ் வியாபாரிகளுக்கான வர்த்தக சஞ்சிகை ஒன்றில் அவர் எழுதி வந்த பத்தியில், 2001 ஆம் ஆண்டு இந்த யோசனையை முன்வைத்தார். பதிப்பகங்கள் ஏற்றுக் கொண்டன. அமெரிக்காவின் பிரதான கொமிக்ஸ் விநியோகஸ்தராக இருந்த டயமண்ட் நிறுவனம் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை எடுத்தது. 2002 மே 4 ஆம் திகதி சனிக்கிழமை முதலாவது இலவசக் கொமிக்ஸ் நாள் நடைபெற்றது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐஸ்கிறீம் கடை கொடுத்தது ஐஸ்கிறீமையே. கொமிக்ஸ் கடை கொடுத்தது கொமிக்ஸையே. பிளாஸ்டிக் கிண்ணம் கொடுத்தால் வாடிக்கையாளர் வீட்டில் கிண்ணம் இருக்கும். உங்கள் சரக்கின் ருசி அவருக்குத் தெரியாது. நீங்கள் விற்கும் பொருளையே கொடுத்தால் அந்த இலவசமே விளம்பரமாகவும் மாதிரியாகவும் ஆகிறது. அதிலும் கொமிக்ஸ் என்பது தொடர்கதை. முதல் பாகத்தை இலவசமாக வாசித்தவருக்கு இரண்டாம் பாகம் தேவைப்படுகிறது. இரண்டாம் பாகம் கடையில் விலைக்கு இருக்கிறது.

இன்னொன்று, இதில் குலுக்கல் இல்லை, அதிர்ஷ்டச் சீட்டு இல்லை, 'இவ்வளவுக்கு வாங்கினால்தான் உண்டு' என்ற நிபந்தனையும் இல்லை. கடைக்குள் வந்தவர் எவரும் எடுத்துக் கொள்ளலாம். நூறு பேரை ஆசைகாட்டி அழைத்து ஒருவருக்குப் பரிசு கொடுத்து, தொண்ணூற்றொன்பது பேரை ஏமாற்றத்துடன் அனுப்பும் முறையை விட இது வாடிக்கையாளர் மனதில் நல்லெண்ணத்தை விதைக்கிறது.

இலவசத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்?

வாசகருக்கு இலவசம் என்றாலும் கடைக்காரருக்கு இலவசமில்லை. பலருக்கும் தெரியாத உண்மை இது. இந்த நாளுக்கென அச்சிடப்படும் விசேட பிரதிகளைக் கடைக்காரர் விலை கொடுத்தே வாங்குகிறார். ஒரு பிரதி சுமார் 12 சதம் முதல் 50 சதம் வரை இருந்தது. அதை அனுப்பும் செலவும் கடைக்காரருடையதே. சில மாதங்களுக்கு முன்பே ஓடர் கொடுக்க வேண்டும்.

பதிப்பகங்களுக்கும் செலவு உண்டு. கதை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் கொடுக்க வேண்டும். அச்சுச் செலவை ஒட்டிய விலைக்கே பிரதியைக் கொடுப்பதால் அதில் இலாபம் பார்க்க முடியாது. ஆனாலும் அடுத்து வரவிருக்கும் பெரிய தொடரின் முன்னோட்டத்தையோ சிறுவர் கதையின் ஆரம்பத்தையோ ஆயிரக் கணக்கான புதியவர்களின் கையில் சேர்க்க இதைவிட மலிவான விளம்பரம் அவர்களுக்கு இல்லை.

ஆக, செலவு மூன்று பேருக்கு இடையில் பங்கிடப்படுகிறது. பதிப்பகம் தயாரிப்பில் விட்டுக் கொடுக்கிறது, விநியோகஸ்தர் ஒழுங்குபடுத்துகிறார், கடைக்காரர் பிரதிக்கும் போக்குவரத்துக்கும் கொடுக்கிறார். மூவரும் பங்கு போட்டதால்தான் இந்த ஏற்பாடு நிலைத்தது. முழுச் சுமையும் கடைக்காரர் தலையில் விழுந்திருந்தால் இரண்டாம் வருடமே கைவிட்டிருப்பார்கள். முழுவதும் பதிப்பகத்தின் செலவாக இருந்திருந்தால், சும்மா கிடைப்பதுதானே என்று கடைக்காரர்கள் அளவுக்கு மீறிக் கேட்டிருப்பார்கள். சில சதங்களாவது கொடுத்து வாங்க வேண்டியிருந்தபடியால் தேவையான அளவை யோசித்து ஓடர் போட்டார்கள்.

2002 இல் மார்வெல், டிசி, டார்க் ஹோர்ஸ், இமேஜ் ஆகிய நான்கு பெரிய பதிப்பகங்களின் நூல்களே முன்னணியில் இருந்தன. பின்னர் எண்ணிக்கை கூடி, சில வருடங்களில் 50 தலைப்புகள் வரை வந்தன. அவற்றை அனுசரணையின் அளவைப் பொறுத்துத் தங்கம், வெள்ளி என்று இரண்டு பிரிவாக வைத்தார்கள். தங்கப் பிரிவில் பெரிய பதிப்பகங்களின் நூல்கள். வெள்ளிப் பிரிவில் கடைக்காரர் தமது வாடிக்கையாளருக்குப் பொருத்தமானதைத் தெரிவு செய்து எடுப்பார். பாடசாலைக்கு அருகில் கடை வைத்திருப்பவர் சிறுவர் நூல்களைக் கூடுதலாக எடுப்பார். பல்கலைக்கழக மாணவர்கள் வரும் கடை வேறு விதமாக எடுக்கும்.

நாள் குறிப்பதும் ஒரு கலை

முதலாவது இலவச நாளுக்கு 2002 மே 4 ஆம் திகதியைத் தெரிவு செய்ததில் புத்திசாலித்தனம் இருந்தது. அதற்கு முந்திய நாள், மே 3 வெள்ளிக்கிழமை, ஸ்பைடர் மேன் திரைப்படம் வெளியானது. முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் 100 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்த முதலாவது படம் அதுதான். படத்துக்காக ஹொலிவூட் நிறுவனம் செய்த பெரும் விளம்பரம், ஒரு சதமும் செலவில்லாமல் கொமிக்ஸ் கடைக்காரருக்கும் உதவியது. நாட்டின் பேச்சு முழுவதும் ஸ்பைடர் மேனாக இருக்கும்போது, 'ஸ்பைடர் மேன் புத்தகம் இங்கே இலவசம்' என்ற பலகையைக் கடையில் தொங்கவிட்டார்கள்.

2003 இலும் மே 3 ஆம் திகதி எக்ஸ் மென் படத்தின் இரண்டாம் பாகத்துடன் இணைத்து நடத்தினார்கள். 2004 இல் ஸ்பைடர் மேன் இரண்டாம் பாகம் ஜூன் மாத இறுதியில் வெளியானது. அதற்காக இலவச நாளையும் ஜூலை 3 இற்கு மாற்றினார்கள். அது அமெரிக்க சுதந்திர தினத்துக்கு முந்திய நாள். பலர் குடும்பத்துடன் வெளியூர் போகும் விடுமுறைக் காலம். 2005 இல் மீண்டும் மே மாதத்துக்கே திரும்பினார்கள். அதன் பின் மே மாத முதல் சனிக்கிழமை என்பது வழக்கமாகி விட்டது.

பிறருடைய விளம்பரத்தில் சவாரி செய்வது நல்லதுதான். ஆனால் வருடா வருடம் நாள் மாறிக் கொண்டிருந்தால் வாடிக்கையாளர் மனதில் பதியாது. மாறாத நாளுக்குத் தனி மதிப்பு உண்டு. சில வருடங்கள் சென்றால் விளம்பரம் செய்யாமலே மக்கள் அந்த நாளை எதிர்பார்க்கத் தொடங்குவார்கள்.

கடைக்குள் அன்று என்ன நடக்கும்?

இலவசப் பிரதிகளை மேசையில் குவித்து வைத்து விட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரருக்கு மாலையில் மிஞ்சியது வெறும் மேசைதான். அனுபவமுள்ள கடைக்காரர்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறார்கள்.

முதலாவது, ஒருவருக்கு எத்தனை பிரதி என்பதை முன்பே முடிவு செய்து பலகையில் எழுதி விடுவார்கள். மூன்று, ஐந்து என்று கடைக்குக் கடை வேறுபடும். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்துக் கொண்டு போய் இணையத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். வரம்பு இல்லாவிட்டால் காலை 11 மணிக்கே கையிருப்பு தீர்ந்து, பிற்பகலில் பிள்ளைகளுடன் வரும் குடும்பம் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். 'இலவசம் என்று கூப்பிட்டு ஒன்றும் தரவில்லை' என்ற பேச்சு, கூப்பிடாமலே இருந்ததை விடக் கடைக்குக் கேடு.

இரண்டாவது, பிரதிகளைக் காலையில் இவ்வளவு, பிற்பகலில் இவ்வளவு என்று பிரித்து வைப்பார்கள்.

மூன்றாவது, சிறுவர் நூல்களைத் தனி மேசையில் வைத்து, அங்கே ஓர் ஊழியரை நிறுத்துவார்கள். வளர்ந்தோருக்கான நூல் சிறுவர் கைக்குப் போகக் கூடாது. ஒரு பெற்றோரின் முறைப்பாடு வந்தாலே அந்தக் குடும்பம் மட்டுமன்றி, அவர்கள் சொல்லும் பத்துக் குடும்பங்களும் கடையை விட்டுப் போய்விடும்.

நான்காவது, இலவச மேசைக்குப் போகும் பாதையைக் கடையின் உட்பக்கமாக அமைப்பார்கள். வாசலிலேயே கொடுத்தால் வாங்கியவர் அப்படியே போய் விடுவார். கடையின் இராக்கைகளைக் கடந்து போக வேண்டியிருந்தால், விற்பனைக்கு இருப்பதையும் பார்ப்பார். இலவசமாகக் கொடுக்கும் கதையின் தொடர்ச்சிப் பாகங்களை அதே மேசைக்குப் பக்கத்திலேயே விலையுடன் அடுக்கி வைப்பதும் வழக்கம்.

ஐந்தாவது, கொடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும் கடையின் சீலைக் குத்துவார்கள். பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம் ஆகியவை அதில் இருக்கும். புத்தகம் வீட்டில் எத்தனை வருடம் கிடந்தாலும் கடையின் விலாசமும் அதோடு இருக்கும்.

ஆறாவது, உள்ளூரில் இருக்கும் ஓவியர், எழுத்தாளர் எவரையாவது அழைத்துப் புத்தகத்தில் கையெழுத்திடச் செய்வார்கள். பிள்ளைகள் கதாபாத்திர வேடமணிந்து வருவார்கள். பழைய கையிருப்புக்கு அன்று மட்டும் விலைக்கழிவு போடுவார்கள். திருப்பிக் கொடுக்க முடியாமல் தேங்கிய சரக்கைப் பணமாக்க அந்தக் கூட்டமே நல்ல சந்தர்ப்பம்.

ஏழாவதாக, பழைய வாடிக்கையாளரை மறப்பதில்லை. வருடம் முழுவதும் பணம் கொடுத்து வாங்குபவர் அன்று வரிசையின் கடைசியில் நின்று ஒன்றுமில்லாமல் போனால் அவருடைய மனம் என்ன பாடுபடும்? அவர்களுக்கென ஒரு கட்டு முன்கூட்டியே எடுத்து வைக்கும் கடைகள் உண்டு.

கணக்குப் பார்ப்போம்

ஓர் உதாரணக் கணக்கை எடுப்போம். இது எந்த ஒரு கடையின் உண்மைக் கணக்குமல்ல. விளங்கிக் கொள்வதற்காக மட்டுமே.

ஒரு கடைக்காரர் சராசரி 30 சதம் வீதம் 1200 பிரதிகள் எடுக்கிறார். 360 டொலர். அனுப்பும் செலவு, பலகை, பைகள் எல்லாம் 90 டொலர். அன்றைக்கு மேலதிகமாக வைத்த இருவரின் கூலி 150 டொலர். மொத்தச் செலவு 600 டொலர். ஒருவருக்கு மூன்று பிரதி என்று கொடுத்தால் 400 பேருக்குப் போதும். ஒருவரைக் கடைக்குள் கொண்டு வந்த செலவு ஒன்றரை டொலர்.

வந்தவர்களில் நான்கில் ஒருவர் ஏதாவது வாங்குகிறார் என்று வைப்போம். 100 பேர், தலைக்கு 12 டொலர். அன்றைய விற்பனை 1200 டொலர். நூற்றுக்கு 45 வீதம் மொத்த இலாபம் என்றால் 540 டொலர். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். '600 செலவு, 540 வரவு, கிட்டத்தட்டச் சரி' என்று திருப்தியடைகிறார்கள். அந்த 100 பேரில் பாதிப் பேர் எப்படியும் அந்தச் சனிக்கிழமை வந்து வாங்கியிருக்கக் கூடிய பழைய வாடிக்கையாளர்கள் என்றால், இலவச நாளினால் வந்த உண்மையான இலாபம் 270 டொலர் மட்டுமே. ஆக, அன்று மாலை கடைக்காரர் 330 டொலர் நட்டத்தில் இருக்கிறார். கடை நிறைய ஆள், கல்லா நிறையக் காசு, ஆனால் கணக்கில் நட்டம்!

அந்த 330 டொலரை எப்படி மீட்பது? கொமிக்ஸ் கடைகளின் உண்மையான வருமானம் பெயர் பதிந்த வாடிக்கையாளரிடமிருந்தே வருகிறது. இன்னின்ன தொடர்கள் எனக்கு வேண்டும் என்று ஒருவர் பெயர் கொடுத்து விட்டால், ஒவ்வொரு பாகமும் வந்தவுடன் கடைக்காரர் அவருக்கென எடுத்து வைப்பார். திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கில் இதுவே மிகப் பெரிய பாதுகாப்பு. எத்தனை பிரதி விற்கும் என்பது ஓடர் கொடுக்கும்போதே தெரிந்து விடுகிறது. அப்படிப் பெயர் பதிந்த ஒருவர் 4 டொலர் விலையில் மாதம் இரண்டு புத்தகம் வாங்கினால், புத்தகத்துக்கு 2 டொலர் இலாபம் என்று வைத்தால், மாதம் 4 டொலர், வருடத்துக்கு 48 டொலர்.

330 ஐ 48 ஆல் பிரித்தால் சுமார் ஏழு. அதாவது வந்த 400 பேரில் ஏழு பேர் ஒரு வருடத்துக்கு நிலையான வாடிக்கையாளராக மாறினால் முழுச் செலவும் திரும்பி விடும். பதினைந்து பேர் மாறினால் அதே வருடத்தில் 390 டொலர் மிச்சம். ஒருவரும் மாறாவிட்டால் 330 டொலரும் போனதுதான்.

எனவே இலவச நாளின் மறுநாள் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை பேர் வந்தார்கள்?' என்பதோடு நின்று விடக் கூடாது. 'அந்த ஏழு பேர் யார்?' என்றும் கேட்க வேண்டும்.

அவர்களைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் இருக்கின்றன. புத்தகத்தோடு ஒரு சிறு துண்டையும் கொடுத்து, அடுத்த மாதம் அதைக் கொண்டு வந்தால் சிறு கழிவு உண்டு என்று சொல்லலாம். திரும்பி வரும் துண்டுகளை எண்ணினாலே இரண்டாவது தடவை வந்தவர்களின் எண்ணிக்கை தெரிந்து விடும். மேசையில் ஒரு பதிவேட்டை வைத்து, 'இந்தக் கதையின் அடுத்த பாகம் வந்தால் அறிவிக்கவா?' என்று கேட்டுப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கலாம். ஆனால் வாங்கிய இலக்கத்துக்கு உண்மையாகவே அறிவிக்க வேண்டும்!

ஒருவரையே நம்பியிருந்தால்

இந்த ஏற்பாட்டுக்கும் சோதனைகள் வந்தன. 2020 இல் கொரோனாத் தொற்றினால் மே மாத நாள் கைவிடப்பட்டது. கூட்டம் சேர்ப்பதே நோக்கமாகக் கொண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூட்டம் கூடக் கூடாத காலத்தில் எப்படி நடத்துவது? புத்தகங்களைப் பங்கிட்டு, ஜூலை 15 முதல் செப்டம்பர் 9 வரை வாரத்துக்குச் சில தலைப்புகள் வீதம் கொடுத்தார்கள். ஒரே நாளில் 400 பேர் வருவதற்குப் பதிலாக, ஒருவரே பல தடவை வரும் நிலை ஏற்பட்டது. 2021 இல் ஓகஸ்ட் 14 ஆம் திகதி நடத்தி, 2022 இல் மீண்டும் மே மாதத்துக்கு வந்தார்கள்.

அடுத்த சோதனை விநியோகத்தில் வந்தது. நீண்ட காலம் ஏறக்குறைய முழு அமெரிக்கச் சந்தைக்கும் டயமண்ட் நிறுவனமே கொமிக்ஸ் விநியோகித்தது. 2020 இல் டிசி பதிப்பகமும் 2021 இல் மார்வெலும் வேறு விநியோகஸ்தர்களிடம் போயின. 2025 ஜனவரியில் டயமண்ட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அந்த வருடம் மே 3 ஆம் திகதி இலவச நாள் நடந்தேறினாலும், ஒரேயொரு விநியோகஸ்தரைச் சுற்றி முழு ஏற்பாட்டையும் கட்டியதன் ஆபத்து எல்லோருக்கும் புரிந்தது.

கொம்பனி கொடுக்கும் இலவச மாதிரியை மட்டும் நம்பிப் பெயர் சம்பாதிக்கும் கடைக்காரர், கொம்பனி அதை நிறுத்தும்போது வெறுங்கையுடன் நிற்பார். ஆனால் இலவச நாட்களில் சேகரித்த பெயர்ப் பதிவேடும், சீல் குத்திய புத்தகங்கள் கிடக்கும் வீடுகளும் கடைக்காரரின் சொந்தச் சொத்து. விநியோகஸ்தர் மாறினாலும் அவை மாறுவதில்லை.

நமது கடைகளுக்கு

எல்லா வியாபாரத்துக்கும் இந்த முறை பொருந்தாது. திரும்பத் திரும்ப வாங்கும் பொருளுக்கே பொருந்தும். தேயிலை, மசாலாத் தூள், பேரீச்சம்பழம், இனிப்பு வகை, பேக்கரிப் பண்டம், வாசனைத் திரவியம் போன்றவற்றில் ஒரு சிறு பொதி கொடுத்தால், பிடித்தவர் மாதந்தோறும் வருவார். பத்து வருடத்துக்கு ஒரு தடவை வாங்கும் தளபாடத்துக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ இந்தக் கணக்கு ஒத்து வராது.

செய்ய விரும்புபவர்கள் ஐந்து விடயங்களை முதலில் தாளில் எழுதிப் பார்க்கட்டும். எந்தச் சரக்கைக் கொடுக்கப் போகிறோம்? அதில் மொத்த விநியோகஸ்தர் எவ்வளவு பங்கு ஏற்பார்? வருடத்தில் எந்த நாள், அடுத்த வருடமும் அதே நாளில் செய்ய முடியுமா? ஒருவரைக் கடைக்குள் கொண்டு வர எவ்வளவு செலவாகும்? அந்தச் செலவை மீட்க எத்தனை பேர் திரும்பி வர வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்கு எழுதிய எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மூன்று மாதம் சென்ற பின் பதிவேட்டை எடுத்து, திரும்பி வந்தவர்களை எண்ணுங்கள். எண்ணிக்கை எட்டியிருந்தால் அடுத்த வருடமும் தைரியமாகச் செய்யலாம். எட்டாவிட்டால் கொடுத்த பொருளையோ, குறித்த நாளையோ, கொடுத்த விதத்தையோ மாற்றிப் பாருங்கள். கணக்கு எழுதாமல் கொடுப்பது தர்மமாக இருக்கலாம். அதற்குத் தனி நன்மை உண்டு. ஆனால் அதை வியாபாரச் செலவில் எழுதி விட்டு, விளம்பரம் செய்தோம் என்று நினைத்துக் கொள்ள வேண்டாம்.